பதில் லைட்டு

எங்கள் கிணற்றுக்கு இரண்டு பங்கு. ஒன்று என் வீட்டுக்காரருடையது, மற்றது அவருடைய அண்ணனுடையது. கிணறும் மோட்டார் கொட்டாயும் மேட்டில், அண்ணன் கொல்லையை ஒட்டி இருக்கின்றன. பயிர் வைக்கிற நிலத்தைத்தான் நாங்கள் கொல்லை என்போம். எங்கள் கொல்லை கீழே, ஓடையோரம். நடுவில் கத்தினாலும் காதில் விழாத தூரம். இண்டூர் தாண்டிப் பென்னாகரம் போகிற ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருப்பதால், செல்போன் சிக்னல் எங்கள் பக்கம் எட்டியே பார்க்காது. எங்கள் வரப்போரத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால் ஒரு கோடு, இரண்டு கோடு வரும். கிணற்றடியில் அதுவும் கிடையாது.

அதனால் தண்ணீர் கட்டும்போது எங்களுக்குள் லைட்டில்தான் பேச்சு. மோட்டார் ஓடுவதற்கான த்ரீ பேஸ் கரண்டு பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் வரும். மேலே ஒருவர் மோட்டாரைப் போட்டுவிட்டு தண்ணீரைத் திருப்பிவிடுகிற கேட்வால்வு பக்கத்தில் நிற்பார். கீழே மடையில் நிற்பவர் டார்ச் லைட்டை ஒரு தரம் நீளமாகக் காட்டினால், தண்ணீர் வந்துவிட்டது, ஓடட்டும் என்று அர்த்தம். இரண்டு தரம் வெட்டி வெட்டிக் காட்டினால், எனக்குப் போதும், உன் பக்கம் திருப்பிக்கொள் என்று அர்த்தம். மேலே இருப்பவர் சட்டென்று ஒரு தரம் பதில் லைட்டு போடுவார். பார்த்துவிட்டேன் என்பதற்கு அது. பகலில் இதையே ஆண்கள் துண்டை வீசிச் சொல்வார்கள். எனக்கு முந்தானையை வீச இஷ்டமில்லை. என் தண்ணீர் முறை பகலில் வந்தால் ஒரு ஆமணக்குக் கொம்பை ஒடித்து ஆட்டுவேன்.

இந்த லைட்டுப் பேச்சு எனக்குச் சுலபமாக வந்துவிட்டது. நான் தொப்பூர் பக்கத்துக்காரி. கணவாயில் ஏறுகிற லாரியும் இறங்குகிற லாரியும் ஹெட்லைட்டை அணைத்துப் போட்டு 'நீ வா, நான் நிற்கிறேன்' என்று சொல்லிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள். கோபமும் கொஞ்சம் அந்த ரோட்டுக் கோபம்தான். சட்டென்று ஏறும், இறங்க நேரமாகும்.

வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் கொல்லையை நான் எடுத்துக்கொண்டேன். போகும்போது அவர் தன்னுடைய டார்ச் லைட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு நிறத்தில் அலுமினிய லைட்டு. சார்ஜ் போடுகிற ஒற்றை பேட்டரி, பின் மூடியில் ரப்பர் போட்ட சுவிட்ச். அமுக்கினால் எரியும், மறுபடி அமுக்கினால் அணையும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரரின் அண்ணனை எங்கள் பக்கம் மூத்தார் என்போம், பேச்சில் மாமா. தம்பி பெண்டாட்டியும் மூத்தாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை என்ற வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அவர் எனக்குச் சொல்ல வேண்டியதை என் ஓரகத்தியிடம், அதாவது அவருடைய மனைவியிடம் சொல்வார். அக்கா என்னிடம் சொல்வார். நான் அக்காவிடம் பதில் சொல்வேன், மூத்தார் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி. ஆகவே எனக்கும் அவருக்கும் நேராக இருந்த ஒரே பேச்சு இந்த லைட்டுதான். அதிலும் என் பக்கத்திலிருந்து மட்டும்தான். தம்பி கீழே நின்றபோதெல்லாம் தவறாமல் பதில் லைட்டு போட்டவர், நான் நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு தரம்கூடப் போட்டதில்லை. நான் காட்டுவேன். மேலே இருட்டாகவே இருக்கும். பார்த்தாரா, பார்க்கவில்லையா என்பதை வாய்க்காலில் தண்ணீரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழக்கம் காரணமாகப் போடவில்லையா, பொம்பளைக்கு என்ன பதில் என்று போடவில்லையா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் என்று நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

அந்த முறை தக்காளி நட்டிருந்தேன். நட்ட அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். பெயரே அப்படித்தான். அது விட்டுப் போனால் நாற்று உயிர் பிடிக்காது. அந்த மூன்றாம் நாள் விடியலில் தண்ணீர் வேகமாக வந்ததால் முதலில் மண்வெட்டியைத்தான் எடுத்தேன். பாதிக் கொல்லை நனைகிற நேரத்தில்தான், வந்துவிட்டது, ஓடட்டும் என்று ஒரு தரம் நீளமாகக் காட்டினேன். வழக்கம்போல மேலே இருட்டு. மறுபடி பாத்தியைத் திருப்பப் போனேன். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் மெலிந்து நின்றுவிட்டது. கரண்டு போயிருக்கும், வரட்டும் என்று வரப்பில் உட்கார்ந்தேன். வெளுத்த பிறகுதான் மேட்டுப்பக்கம் கண் போனது. மூத்தாருடைய மஞ்சள் கொல்லையில் தண்ணீர் தளதளவென்று பாய்ந்துகொண்டிருந்தது. நான் மூச்சிரைக்க மேலே போய்ச் சேரவும் த்ரீ பேஸ் நிற்கவும் சரியாக இருந்தது.

"என் பாத்தி பாதி காயுது, தண்ணிய ஏன்க்கா திருப்பினீங்க?" என்றேன் அக்காவிடம். மூத்தார் நான்கு அடி தள்ளி வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ ரெண்டு தரம் காட்டினியாம். அதான் திருப்பிவுட்டாராம்."

"நான் ஒரு தரம்தாங்க்கா காட்டினேன்."

"அவுரு கண்ணு என்ன, பொய்யா சொல்லும்?"

மூத்தார் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதை நான் அன்றைக்கும் ஒத்துக்கொண்டேன், இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நானும் பொய் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் தண்ணீர் போகாத பாதியில் நாற்றெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

அடுத்த நாள் அக்கா வீட்டுக்கு வந்து சொன்னார். "உங்க மாமா சொல்றாரு, உனுக்குத் தண்ணி கட்ற வேல ஒத்து வராதாம். கொல்லைய எங்ககிட்டக் குத்தகைக்கு வுட்டுட்டு, நீ ஓசூருக்குப் போயி அவன் கூட இருந்துக்கோன்னாரு. கோவிச்சுக்காத, உன் நல்லதுக்குத்தான்."

பாறையில் ஏறி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் அண்ணனை விட்டுக்கொடுக்காமலும் என்னை விட்டுக்கொடுக்காமலும் பேசப் பார்த்தார். "அண்ணன் சொல்றதையும் யோசிச்சுப் பாரு. இன்னொரு தரம் நட்டுப் பாரு. இந்தத் தரமும் உயிர்த் தண்ணி வுட்டுப்போச்சுன்னா, அவரு சொல்றபடி வுட்டுடலாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதை ஒப்புக்கொண்டேன் என்பது உறைத்தது. அந்தக் கொல்லையில் நான் ஒருத்தியாக எடுத்த முதல் ராகி, முதல் நிலக்கடலை எல்லாம் கண்முன் வந்து நின்றன. நான் விட மாட்டேன் என்று பாறையிடமே சொல்லிவிட்டு இறங்கினேன்.

அன்று மத்தியானம் சாமான் போட்டு வைத்திருக்கிற உள்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். ஒழுங்காக எரிந்தது. விடியலில் பிடித்தது போலவே பிடித்தேன், பெருவிரலைப் பின்னால் சுவிட்சின் மேல் வைத்து, கையை நீட்டி. சுவரில் வெளிச்சம் ஒரு கண்சிமிட்டு அணைந்து மறுபடி எரிந்தது. விரலை எடுத்தால் ஒழுங்காக எரிகிறது. வைத்தால் விக்குகிறது. நான் ஒரு தரம் காட்டியது மேட்டிலிருந்து பார்த்தவருக்கு இரண்டு தரமாகத்தான் தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு முன்னாலிருந்த பிளாஸ்டிக் கண்ணாடி சேறும் மண்ணும் உரசி உரசி மங்கிக் கிடந்தது. வெளிச்சம் அங்கே போவதற்குள் பரந்து புகைந்து போகும். அதில் நீளம் எது, வெட்டு எது என்று யார் கண்டார்கள்?

எனக்கு அழுகை வரவில்லை. குதிக்கலாம் போல இருந்தது. குற்றம் என்னிடம் இல்லை, சுவிட்சில்தான்.

வீட்டுக்காரர் புது லைட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். பென்னாகரத்தில் கடையில் கேட்டுப் பார்த்தேன். இப்போது வருகிற லைட்டெல்லாம் ஒரு அமுக்குக்குப் பளிச், அடுத்த அமுக்குக்கு மங்கல், அதற்கடுத்து மினுக் மினுக் என்று தானாக மினுக்கும். அதை வைத்துக்கொண்டு மூத்தாரிடம் பேசினால் கிணறே இரண்டாகிவிடும். வேண்டாம் என்று திரும்பி வந்து, பாறை மேல் ஏறி உட்கார்ந்து போனில் தேடினேன். சுவிட்ச் தனியாக விற்கிறார்கள், கண்ணாடி தனியாக விற்கிறார்கள். சுவிட்சில் ஒரு வகை இருந்தது. முழுக்க அமுக்கிச் 'சடக்' என்று விட்டால் நின்று எரியும். பாதி அமுக்கினால் விரல் இருக்கிற வரை மட்டும் எரியும், எடுத்தால் அணையும். எங்கள் கிணற்றைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் யாரோ செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பிளாஸ்டிக்குக்குப் பதில் நிஜக் கண்ணாடியும் ஒன்று கிடைத்தது. ஸ்கேலை வைத்து அளந்து பார்த்து இரண்டையும் ஆர்டர் போட்டேன்.

பார்சல் வருகிறவரை தண்ணீர் முறையில் லைட்டை நம்பவில்லை. மேட்டுக்கு ஓடிப்போய் அக்காவிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். நான் ஓடுகிற நேரத்தில் இங்கே மடை உடைத்துக்கொள்ளும். அக்கா சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பார்சல் வந்த அன்று அடுப்படி வேலையை முடித்துவிட்டு, வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துத் தரையில் வெள்ளை வேட்டியை விரித்தேன். பின் மூடியைத் திருகி எடுத்தால், உள்ளே சுவிட்சை இறுக்கிப் பிடித்திருக்கிற ஒரு வளையம். அதில் எதிரும் புதிருமாக இரண்டு பொட்டு ஓட்டைகள். கத்தரிக்கோலைக் கொஞ்சமாக விரித்து இரண்டு முனையையும் ஓட்டைகளில் வைத்துத் திருகினேன். முதலில் அசையவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டியதும் அசைந்தது. வளையம், ஸ்பிரிங், சுவிட்ச், வாஷர், ரப்பர் என்று வெளியே வந்த வரிசையிலேயே வேட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். சுவிட்சின் ஒரு கால் பச்சையாகக் களிம்பேறி அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை தரம் ஈரக் கையால் அமுக்கியிருப்பேன்!

அடுத்து முன் பக்கம். மூடியைத் திருகி மங்கிய பிளாஸ்டிக்கை எடுத்தேன். உள்ளே பல்பைச் சுற்றி வெள்ளி மாதிரி மின்னுகிற கிண்ணம். அழகாக இருக்கிறதே என்று தொட்டுப் பார்த்தேன். தொட்டிருக்கக் கூடாது. விரல் ரேகை பதிந்துவிட்டது. முந்தானையால் துடைக்கப் போனேன், கீறல் விழுகிறது, அதோடு விட்டுவிட்டேன். அந்த ரேகை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. புதுக் கண்ணாடி அகலத்தில் கச்சிதம். கனத்தை நான் அளக்கவில்லை. பழையதைவிட மெல்லிசாக இருந்ததால் மூடியை இறுக்கிய பிறகும் லொடலொடவென்று ஆடியது. வீட்டுக்காரரின் பழைய சைக்கிள் ட்யூப்பிலிருந்து வளையமாக ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடிக்கு அடியில் கொடுத்தேன். ஆட்டம் நின்றது.

எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரியைப் போட்டு அமுக்கினால் எரியவில்லை.

விற்றவனைத் திட்டினேன். செய்தவனைத் திட்டினேன். ஓசூரில் இருக்கிற மனிதரையும் ஒரு தரம் சேர்த்துத் திட்டினேன். சோற்றைத் தின்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பிரித்தேன். அப்போதுதான் அந்த வளையத்தின் மரையும், லைட்டு உடம்பின் பின் விளிம்பும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். மோட்டார் ஸ்டார்ட்டர் எடுக்காதபோது உள்ளே கரண்டு தொடுகிற பாயின்ட்டைச் சுரண்டித்தானே விடுகிறோம்? இங்கேயும் கரண்டு அதுவாகத்தானே போக வேண்டும்? சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது மிச்சமான உப்புத்தாள் இருந்தது. இரண்டு இடத்தையும் பளபளவென்று வருகிற வரை தேய்த்து, துடைத்து, வளையத்தைக் கத்தரிக்கோலால் நன்றாக இறுக்கினேன். சுவிட்சைப் பாதி அமுக்கினேன்.

அடுப்படிச் சுவரில் வட்டமாக, பிசிறில்லாமல், வெள்ளை வெளேரென்று வெளிச்சம். விரலை எடுத்தேன், போனது. வைத்தேன், வந்தது. வைத்து ஆட்டினேன், அழுத்தினேன், தட்டினேன். ஒரு விக்கல் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. யாருமில்லாத வீட்டில் தனியாகச் சிரித்தேன். பொழுது சாய்ந்ததும் வெளியே போய் ஊர்த் தண்ணீர் டேங்க் மேல் அடித்துப் பார்த்தேன். அதன் மேலே எழுதியிருந்த எழுத்து படிக்கிற மாதிரித் தெரிந்தது. தெரு நாயெல்லாம் டேங்கைப் பார்த்துக் குரைத்தன. நான்தான் போட்டேன், நானேதான் போட்டேன் என்று அதுகளிடம் சொல்லலாம் போல இருந்தது.

நாற்றுப் பண்ணையில் சொல்லிவைத்திருந்த நாற்று வந்தது. செத்துப்போன பாதியில் மறுபடி நட்டேன். நட்ட தண்ணீர் பகல் முறையில் போனது, ஆமணக்குக் கொம்பு ஆட்டி. உயிர்த் தண்ணீர் முறை விடியலில் வந்தது. முந்தின நாள் அக்காவிடம், "நாளைக்கு நான் மேட்டுக்கு வர மாட்டேங்க்கா. லைட்டுதான் காட்டுவேன். மாமாகிட்டச் சொல்லிடுங்க" என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாத்துக்க, இதான் கடைசின்னு உன் வூட்டுக்காரனும் ஒத்துக்கிட்டிருக்கான்" என்றார்.

விடியலில் மடையில் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. சுவிட்ச் சரியாக இருந்தாலும் அவர் சரியாகப் பார்க்க வேண்டுமே. தண்ணீர் சலசலவென்று வந்து காலை நனைத்தது. லைட்டைத் தூக்கி மேட்டைப் பார்த்துப் பிடித்து, விரலை வைத்தேன். வெளிச்சம் ஓடையைத் தாண்டி, மஞ்சள் கொல்லையைத் தாண்டி, மோட்டார் கொட்டாயின் சுண்ணாம்புச் சுவரில் போய் விழுந்தது. சுவரோரம் நின்ற மனிதர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொள்வது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நிதானமாக, நீளமாக, ஒரே ஒரு தரம். விரலை எடுத்தேன்.

மேலே இருட்டு. எப்போதும் இருக்கிற இருட்டுதான். மண்வெட்டியை எடுத்துக் குனிந்தேன்.

குனிந்த கண்ணில் ஏதோ பட்டது. நிமிர்ந்தேன். மேட்டில் மஞ்சளாக, மங்கலாக, ஒரு வெளிச்சம் வந்து போனது. என்னால் நம்ப முடியவில்லை. யாராவது பீடி பற்ற வைத்திருப்பார்களோ என்றுகூட நினைத்தேன். தண்ணீர் குறையவே இல்லை. ஒவ்வொரு பாத்தியாக, கடைசிப் பாத்தி வரை போனது. புது நாற்றின் அடியெல்லாம் நனைந்து கறுத்து நின்றது. முடிந்ததும், மேட்டைப் பார்த்து இரண்டு தரம் வெட்டிக் காட்டினேன். காட்டிவிட்டு இந்தத் தரம் குனியவில்லை. கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தது. பதில் லைட்டுதான். தம்பிக்குப் போடுவது போல ஒரு தரம் போட நினைத்திருக்கிறார். அது ஒரு விக்கு விக்கி, அணைந்து, மறுபடி எரிந்து அணைந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் எதைத் துடைப்பது என்று தெரியாமல் சேற்றுக் கையோடு நின்றேன்.

வெளுத்ததும் பாறையில் ஏறினேன். ஓசூரில் வீட்டுக்காரர் தூங்காமல் காத்துக்கொண்டிருந்தார் போல, முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"தண்ணி போச்சா?"

"கடைசிப் பாத்தி வரைக்கும் போச்சுங்க."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பதில் லைட்டு போட்டாரு."

அவர் எழுந்து உட்காருவது சத்தத்தில் தெரிந்தது.

"உனுக்கா போட்டாரு?" என்றார்.

"எனக்குத்தான். ரெண்டு தரம் போட்டாரு. அவுரு லைட்டுலயும் சுவிட்ச் போயிருக்குதுங்க. இன்னொண்ணு ஆர்டர் போடறேன், நானே மாட்டிக் குடுத்துடறேன்."